பையன் ஏன் பாடத்தில் பின்தங்குகிறான்?

ஏழு வயதுப் பையன் ஒருவன். தரையில் உட்கார்ந்தால் சட்டென்று எழ முடியவில்லை. இரண்டு கையையும் தொடையில் ஊன்றி ஊன்றி எழுகிறான். ஓடினால் விழுகிறான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டு இருக்கிறது. "பயில்வான் கால்" என்று சொல்கிறார்கள். அது பலம் இல்லை. நோயின் அடையாளம்.

இது டுஷேன் தசைச் சிதைவு நோய். டுஷேன் பிரான்ஸ் நாட்டு மருத்துவர். 1860களில் இந்த நோயைப் பற்றி எழுதினார். சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. பெண் குழந்தைகளுக்கு வருவது மிக அரிது. 12, 13 வயதுக்குள் பலருக்கு நடக்க முடியாமல் போகிறது.

காலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். படிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் மல்லேஸ்வரத்தில் பல பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். பையன் பின்தங்கினால் "மொழி வரவில்லை" என்கிறோம். இல்லையென்றால் "சோம்பேறி" என்று அடிக்கிறோம். இந்த நோய் உள்ள பையனுக்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

நம் தசையில் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இருக்கிறது. சாக்குப் பையின் ஓரத்தைத் தைத்த நூல் போன்றது அது. நூல் இல்லாத பையில் மூட்டை தூக்கினால் என்ன ஆகும்? தசையும் அப்படித்தான். வேலை செய்யச் செய்யக் கிழிகிறது. இந்த நோயில் அந்தப் புரதம் உண்டாவதே இல்லை.

இதே புரதம் மூளையிலும் இருக்கிறது. ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் சேதி சொல்லும் இடத்தில் இருக்கிறது. அங்கே அது இல்லாவிட்டால் சேதி சரியாகப் போவதில்லை. நெதர்லாந்து நாட்டில் இந்தப் பையன்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. மூளையின் சாம்பல் நிறப் பகுதி மற்றப் பையன்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது.

எல்லாப் பையன்களும் ஒரே மாதிரி இல்லை. சிலர் வகுப்பில் முதலாவதாக வருகிறார்கள். சிலருக்கு எழுத்துக் கூட்டுவதே பெரும்பாடு. பலருக்குக் காதால் கேட்டதை மனதில் நிறுத்துவது கடினம். "உப்பு, தீப்பெட்டி, வெங்காயம், பச்சை மிளகாய் என்னென்ன சொன்னேன்?" என்று கேட்டுப் பாருங்கள். "உப்பு" என்று நிறுத்திவிடுவான். திமிர் என்று நினைக்காதீர்கள்.

ஒரு நல்ல செய்தி உண்டு. தசை வருடா வருடம் மெலிகிறது. மூளையின் குறை அப்படி வளர்வதில்லை. கால் நடக்காமல் போன பிறகும் பையன் புதிதாகக் கற்றுக்கொள்வான். அதனால் சக்கர நாற்காலி வந்ததும் பள்ளியை நிறுத்துவது பெரிய தவறு. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். படம் காட்டுங்கள். ஆசிரியரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நோய் வந்த வீட்டில் முதலில் ஏச்சு வாங்குபவள் தாய். நோயின் பழுது பெரும்பாலும் தாய் வழியாக வருவது உண்மைதான். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பையனுக்குப் பழுது புதிதாகவே உண்டாகிறது. தாயிடம் அது இல்லை. இருந்தாலும் அவள் அதைக் கேட்டு வாங்கவில்லை. அடுத்த குழந்தைக்கு முன் மருத்துவரிடம் ஆலோசனை கேட்கலாம். ஏசுவதால் ஒரு பயனும் இல்லை.

பெங்களூர் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே நரம்பு, தசை நோய்களைப் பார்க்கிறார்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மரபணுப் பரிசோதனை. நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் நடை சில வருடம் நீடிக்கிறது. அந்த மாத்திரையால் சில பையன்களுக்குக் கோபம் அதிகமாகும். அப்போது நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். பாடத்தில் உள்ள கஷ்டத்தையும் அங்கேயே சொல்லுங்கள். அதற்கும் பரிசோதனை உண்டு.

2016ஆம் வருட ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் தசைச் சிதைவு நோயும் இருக்கிறது. கற்றல் குறைபாடும் இருக்கிறது. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. சான்றிதழ் வாங்கும்போது கால் ஊனத்தை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். கற்றல் குறைபாடு இருந்தால் அதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.