கிரைண்டர் கற்றுத் தந்த பாடம்: கெய்ரின் சைக்கிள் ஃப்ரேம் செய்பவர்களைப் பற்றி



"சைக்கிள் கம்பெனி பேர் சொல்லு"ன்னு கேட்டா நாம ஹெர்குலிஸ், ஹீரோ, பி.எஸ்.ஏ.ன்னு அடுக்குவோம். ரேஸிங் சைக்கிள் ஆசை இருக்கிறவங்க ட்ரெக், ஜெயன்ட்னு சொல்வாங்க. நாகசாவா, கலவிங்கா, கெருபிம்? கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மூணாம் வருஷம் வரைக்கும் நானும் கேள்விப்பட்டதில்லை. இவை ஜப்பானில் கையாலேயே சைக்கிள் ஃப்ரேம் செய்யும் சின்னப் பட்டறைகள். இவங்களைப் பத்தி எனக்குத் தெரிய வந்ததுக்குக் காரணம், நான் செஞ்ச ஒரு முட்டாள்தனம்.

மினி ப்ராஜெக்ட்டுக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் ஃப்ரேம் செஞ்சோம். சாஃப்ட்வேர்ல டிசைனும் அனாலிசிஸும் பக்காவா வந்தது. பைப்பை வெளியே ஒரு கடையில் வெல்ட் பண்ணி வாங்கினோம். வெல்ட் கொஞ்சம் மேடு பள்ளமா இருந்தது. டிஸ்ப்ளே அன்னிக்கு அழகா இருக்கணும்னு நானே ஆங்கிள் கிரைண்டர் எடுத்து எல்லா ஜாயிண்டையும் வழவழன்னு தேய்ச்சேன். பெயிண்ட் அடிச்சதும் ஷோரூம் வண்டி மாதிரி இருந்தது. மார்க்கும் நல்லா விழுந்தது. ரெண்டு வாரம் கழிச்சு, மெஸ்ஸுக்குப் போற இறக்கத்தில் டீம்மேட் ஓட்டிட்டுப் போறப்போ டவுன் ட்யூப் ஹெட் ட்யூபை விட்டுப் பிரிஞ்சது. அவனுக்கு முட்டியில் ஆறு தையல். உடைஞ்ச இடத்தைப் பார்த்தா பைப்போட சுவரில் பாதிதான் மிச்சம். வெல்டோடு சேர்த்து பைப்பையும் தேய்ச்சிருக்கேன். வெல்டர் மேல ஒரு தப்பும் இல்லை.

ஃப்ரேம் ஏன் உடையுதுன்னு தேடிப் படிக்கப் போய்த்தான் கெய்ரின் பட்டறைகளில் வந்து நின்னேன். படிச்சதை உங்களுக்கும் சொல்லிடுறேன்.

கெய்ரின்னா என்ன?

கெய்ரின், 1948-ல் ஜப்பானின் கொக்குரா நகரத்தில் தொடங்கிய சைக்கிள் பந்தயம். போரில் சிதைஞ்ச ஊர்களைத் திரும்பக் கட்ட உள்ளாட்சிகளுக்குப் பணம் தேவைப்பட்டது. அதனால் சட்டப்படி பார்வையாளர்கள் பணம் கட்டி ஆடக்கூடிய பந்தயமாகவே இதை ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நாடு முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட டிராக்குகள் இருக்கு. வழக்கமா ஒரு ரேஸில் 9 பேர், தூரம் சுமார் 2 கிலோமீட்டர். வண்டிக்கு ஒரே கியர். பிரேக் கிடையாது. கடைசிச் சுற்றில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவாங்க, அதுவும் தோளோடு தோள் இடிச்சுக்கிட்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இருந்து இது ஒலிம்பிக் போட்டியும் கூட.

மக்கள் பணம் கட்டுற ஆட்டம் என்பதால் ஒரு கண்டிப்பான விதி வந்தது. ஜெயிக்கிறது ஓட்டுறவரின் காலா இருக்கணும், விலை உயர்ந்த வண்டியா இருக்கக் கூடாது. அதனால வழக்கமான ஆண்கள் கெய்ரினில் ஃப்ரேம் ஸ்டீலில்தான் இருக்கணும். அங்கீகாரம் பெற்ற பட்டறைதான் அதைச் செய்யணும். ஃப்ரேமில் இருந்து ஹப் வரைக்கும் 'என்.ஜே.எஸ்.' முத்திரை இருக்கணும். ரேஸுக்கு முன்னாடி வண்டியை அங்குலம் அங்குலமா சோதிப்பாங்க.

இந்த விதியால் யாரும் திட்டமிடாத ஒரு நன்மை நடந்தது. உலகம் முழுக்க ரேஸ் வண்டிகள் அலுமினியம், கார்பன்னு மாறினப்போ ஐரோப்பாவின் பல சின்னப் பட்டறைகள் ஆர்டர் இல்லாம மூடிட்டாங்க. ஜப்பானில் மட்டும் கெய்ரின் வீரர்கள் தொடர்ந்து ஸ்டீல் ஃப்ரேம் ஆர்டர் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க. பந்தயத்தை நேர்மையா நடத்தப் போட்ட விதி ஒரு கைத்தொழிலுக்கும் சோறு போட்டது.

பாடம் 1: ட்யூப் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை

நல்ல ஸ்டீல் ட்யூபின் வெளி விட்டம் முழுக்க ஒண்ணுதான். ஆனா உள்ளே சுவரின் தடிமன் மாறும். இதுக்கு 'பட்டட் ட்யூப்'னு பேர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897-லேயே இதற்குப் பேட்டன்ட் வாங்கிடுச்சு. இத்தாலியின் கொலம்பஸ் எஸ்.எல். ட்யூபை எடுத்துக்கோங்க. ரெண்டு முனையிலும் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. தான். ஆறு ஏ4 தாளை அடுக்கினா எவ்வளவு கனமோ அவ்வளவு. ஜாயிண்ட் பக்கத்தில்தான் வளைவு விசையும் சூடும் அதிகம், அதனால அங்கே தடிமன் தேவை. நடுவில் மூணில் ஒரு பங்கு எடையை மிச்சம் பிடிக்கலாம்.

இன்னொரு விஷயம், வைவாவில் கூட கேட்பாங்க. விலை கூடின ஸ்டீல் போட்டா ஃப்ரேம் விறைப்பா ஆகிடுமா? ஆகாது. எந்த ஸ்டீலா இருந்தாலும் யங்ஸ் மாடுலஸ் சுமார் 200 ஜிகா பாஸ்கல்தான். கூடுறது வலிமை மட்டும்தான். வலிமை கூடினா சுவரை இன்னும் மெலிசாக்கலாம். மெலிசானா எடை குறையும், ஆனா தப்பு செய்யக் கிடைக்கும் இடமும் குறையும். கிரைண்டர் பிடிச்ச எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

பாடம் 2: சூடு எப்போ போதும்?

இந்தப் பட்டறைகளில் வெல்டிங்கை விட பிரேசிங்தான் பிரதானம். வெல்டிங்கில் பைப்பே உருகும். பிரேசிங்கில் பைப் உருகாது. ஸ்டீல் உருக 1,500 டிகிரி செல்சியஸ் பக்கம் வேணும். பித்தளை சுமார் 900 டிகிரியிலும், வெள்ளிக் கலவை அதைவிட இருநூறு முந்நூறு டிகிரி குறைவாகவும் உருகிடும். ட்யூபின் முனையை 'லக்' என்ற உலோக உறைக்குள் செருகி, ஃப்ளக்ஸ் தடவி, டார்ச்சால் சுத்திச் சுத்திச் சூடேத்துவாங்க. நம்ம ஊர் நகை ஆசாரி வெண்காரம் போட்டுப் பத்த வைக்கிறாரே, கிட்டத்தட்ட அதே தத்துவம்.

லக்குக்கும் ட்யூபுக்கும் நடுவே 0.1 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருக்கும். கேபிலரி ஆக்ஷனால் உருகின பித்தளையை அந்த இடைவெளியே உள்ளே இழுத்துக்கும். ஒரு ஓரத்தில் கம்பியைக் காட்டினா எதிர் ஓரத்தில் பளபளன்னு ஒரு கோடு எட்டிப் பார்க்கணும். சூடு பத்தலைன்னா பித்தளை வாசல்லயே நின்னுடும். சூடு ஏறிட்டா ஃப்ளக்ஸ் கருகும், பித்தளையில் இருக்கிற துத்தநாகம் ஆவியாகும், ஸ்டீலோட கிரெயின் பெருத்து பலம் போகும். இதை மீட்டர் வெச்சு அளக்கிறதில்லை. உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே டார்ச்சை விலக்குவாங்க.

ஆறினதும் லக்கின் ஓரத்தை அரத்தால் ராவி மெலிசாக்குவாங்க. பார்க்கிறவங்க ரசிக்கிற அழகு அதுதான். ஆனா அரம் லக்கைத் தாண்டி ட்யூபைத் தொடவே கூடாது. ஒரு சின்னக் கீறல் போதும், விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். இந்த வரியைப் படிச்சப்போ எனக்கு அந்த ஆறு தையல்தான் ஞாபகம் வந்தது.

பாடம் 3: ஒரு டிகிரிக்கு ஆறு மில்லிமீட்டர்

கெய்ரின் வீரர் தன் உடம்புக்கும் ஓட்டும் முறைக்கும் ஏத்த மாதிரி ஃப்ரேம் கேட்பார். "வளைவில் வண்டி இன்னும் சட்டுனு திரும்பணும்"னு சொன்னா, அதைச் செய்பவர் எண்ணா மாத்தணும். கணக்கு இதோ: சக்கரத்தின் ஆரத்தை ஹெட் ட்யூப் கோணத்தின் காஸால் பெருக்குங்க. அதில் ஃபோர்க் வளைவைக் கழிங்க. வந்ததை அதே கோணத்தின் சைனால் வகுங்க. கிடைக்கிறதுதான் 'ட்ரெயில்'.

ஆரம் 336 மி.மீ., ஃபோர்க் வளைவு 35 மி.மீ.ன்னு வெச்சுக்குவோம். கோணம் 75 டிகிரின்னா ட்ரெயில் சுமார் 54 மி.மீ. 74 டிகிரின்னா சுமார் 60 மி.மீ. ஒரே டிகிரி, ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம். ட்ரெயில் குறைஞ்சா வண்டி துறுதுறுன்னு திரும்பும், கூடினா நேரா போக விரும்பும். கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க. அப்போதான் பிரேசிங் சூட்டில் ட்யூப் அரை டிகிரி இழுத்துக்கிட்டா கூட அவங்க ஏன் பதறுறாங்கன்னு புரியும்.

இதைச் செய்றவங்க யாரு?

யோஷியாகி நாகசாவா 1970-களில் இத்தாலியில் சாந்தே போலியாகி, ஊகோ டி ரோசா ஆகியோரின் பட்டறைகளில் வேலை கத்துக்கிட்டு ஜப்பான் திரும்பினார். ஒசாகா பக்கத்தில் சொந்தப் பட்டறை வெச்சார். கெய்ரின் வீரர் கோயிச்சி நகானோ 1977-ல் இருந்து 1986 வரைக்கும் தொடர்ந்து பத்து வருஷம் உலக ஸ்பிரின்ட் சாம்பியன். அவர் ஓட்டியது நாகசாவா ஃப்ரேம். நகானோ பேர் ஜப்பானில் எல்லாருக்கும் தெரியும். ஃப்ரேம் செய்தவர் பேர் சைக்கிள் பைத்தியங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கலவிங்கா டோக்கியோவில் அகியோ தனபே நடத்தும் பட்டறை. பௌத்த நூல்களில் வரும் இனிமையாகப் பாடும் பறவையின் சமஸ்கிருதப் பேர் அது. கெருபிம் கொன்னோ குடும்பத்துப் பட்டறை, அப்பாவுக்குப் பிறகு மகன் நடத்துறார். தமிழ் பைபிளில் 'கேருபீன்'னு வரும் அதே வார்த்தைதான். இவங்க யாருமே பெரிய தொழிற்சாலை ஆகலை. ஜாயிண்டின் உள்ளே பித்தளை முழுசா போயிருக்கான்னு வாங்குறவரால பார்க்க முடியாது. டவுன் ட்யூபில் எழுதியிருக்கிற பேரை நம்பித்தான் அவர் 70 கிலோமீட்டர் வேகத்தில் குனியுறார்.

நமக்கு என்ன?

எங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பைப் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே எண்தான். அந்த எண்ணை நான் கிரைண்டரால் மாத்தினது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் யோசிக்கலை. அதனால ஜூனியர்ஸ், நீங்க எதைச் செஞ்சாலும் ஒரு ஜாயிண்டை மட்டும் எக்ஸ்ட்ராவா செஞ்சு, ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்து உள்ளே பாருங்க. அதுக்கு அரை மணி நேரம்தான் ஆகும்.

போன மாசம் ஒர்க்ஷாப் அண்ணா உதவியோடு ஒரு பழைய லக்கில் நானே பிரேசிங் செஞ்சு பார்த்தேன். வெளியே சுத்தி வர அழகான பித்தளை வளையம். சந்தோஷமா அறுத்துப் பார்த்தா, உள்ளே பாதி இடத்துக்குப் பித்தளை போகவே இல்லை. தையல் போட்ட அந்த நண்பன்கிட்டதான் முதல்ல காட்டினேன். "இதையும் பெயிண்ட் அடிச்சிருப்பியே"ன்னு சிரிச்சான். இப்போ ரெண்டாவது ஜாயிண்டுக்கு லக் தேடிட்டு இருக்கேன். அறுத்த துண்டு ஒர்க்ஷாப்பில் ஜன்னல் ஓரமா இருக்கு, வந்து பாருங்க.