பிரதி இயந்திரம் சுழலாவிட்டால்

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரத்துக்குப் போட்டோப் பிரதி எடுக்க நாவற்குடாவில் காத்திருக்கிறோம். இயந்திரம் நின்றால் நம் விண்ணப்பமும் நிற்கும். லேண்ட்மாஸ்டர் திருத்திய கைகளுக்கு இதுவும் வசப்படும். இங்கும் மோட்டார், பட்டி, பற்சில்லுகள்தான்.

1. முதலில் மின்செருகியைக் கழற்றுவோம். சூட்டுருளை ஏறத்தாழ 180 பாகை செல்சியசில் இயங்குவது, ஆறவிடுவோம்.

2. பின்மூடியைக் கழற்றி, பற்சில்லுகளைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்ப்போம்.

3. ஓடும்போது ஒரே இடைவெளியில் ‘டக், டக்’ என்று கேட்டிருந்தால் பல் உடைந்திருக்கலாம். அந்தச் சில்லை மாற்றவேண்டும். மோட்டார் ஓடியும் உருளை சுழலாவிட்டால் பட்டியின் தளர்வைப் பார்க்கவேண்டும்.

4. இறுக்கமாகச் சுழன்றால் மைத்தூளையும் காய்ந்த கிறீசையும் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிறீசைச் சிறிதளவு பூசுவோம். பட்டியிலும் தாள் உருளைகளிலும் எண்ணெய் படக்கூடாது.

மூலப் பத்திரத்தை எப்போதும் கண்ணாடியில் வைத்தே பிரதி எடுப்போம். தாள் இழுக்கும் தட்டில் சிக்கினால் கிழிவது நம் காணியின் சான்று.