பிறந்த நாய்க்குட்டியின் தொப்புள்கொடி: முழுமையான வழிகாட்டி

குட்டியைப் பொதிந்த பனிக்குடப் பையைக் கிழிப்பதும், நக்கி மூச்சு வரவைப்பதும், கொடியைக் கடித்துத் துண்டிப்பதும் தாய் நாயே செய்துகொள்ளும். தலைப்பிரசவத்தில் மிரண்டோ களைத்தோ அது சும்மா இருந்துவிட்டால் மட்டும் நாம் கைவைக்க வேண்டும். காயாத தொப்புள் வழியே கிருமி எளிதாக உள்ளே போகும். ஆகவே சுத்தமும் ஈரமின்மையும்தான் இங்கே முக்கியம்.

1. முன்னேற்பாடு

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். அது முடியும் சமயத்தில் தாயின் உடல் வெப்பம் 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈன்றுவிடும். இவற்றை எடுத்து வையுங்கள்:

- கொதிநீரில் போட்டெடுத்த கத்தரிக்கோல், கெட்டியான தையல் நூல்
- போவிடோன் அயோடின், சிறு கிண்ணம்
- துவைத்துக் காய்ந்த துண்டுகள்

விரிப்பில் பிசிர் நூல் தொங்கக் கூடாது. அது ஈரக் கொடியில் சுற்றி இழுத்துவிடும்.

2. முதலில் மூச்சு

குட்டி வெளியே வந்து ஒரு நிமிடமாகியும் தாய் பையைக் கிழிக்கவில்லை என்றால், மூக்கருகே நீங்களே கிழியுங்கள். வாயையும் மூக்கையும் துடைத்து, துண்டால் உடம்பைத் தேய்த்துவிடுங்கள். குட்டி கத்தி, சீராக மூச்சுவிட்ட பிறகே கொடியைக் கவனியுங்கள்.

3. கட்டி வெட்டுதல்

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. கொடியை வயிற்றோரமாக விரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி இன்னும் தாயின் உள்ளே இருந்தாலும் இழுக்காதீர்கள். இழுத்தால் தொப்புள் கிழிந்து குடலிறக்கம் வரலாம்.
3. வயிற்றிலிருந்து 2 முதல் 2.5 செ.மீ. தள்ளி, நூலால் இறுக்கமாகக் கட்டுங்கள்.
4. முடிச்சைத் தாண்டி, தாயின் பக்கமாக அரை செ.மீ. விட்டு வெட்டுங்கள்.
5. நூல் நுனிகளை ஒட்ட நறுக்குங்கள். நீளமாக விட்டால் தாய் கவ்வி இழுக்கும்.

ரத்தம் கசிந்தால் வயிற்றுப் பக்கமாக இன்னொரு முடிச்சுப் போடுங்கள்.

4. மருந்து

கொடியின் நுனியைப் போவிடோன் அயோடினில் முக்கி எடுத்து, காயவிட்டுத் தாயிடம் சேருங்கள். சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். உடனே சீம்பால் குடிக்கவையுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் அதிலிருந்துதான் கிடைக்கிறது. முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. படுக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி வெப்பத்தில் இருக்கட்டும்.

5. அடுத்து வரும் நாட்கள்

ஒரே நாளில் கொடி சுருங்கிக் கறுக்கும். பெரும்பாலும் 2, 3 நாளில் தானே உதிரும். பிய்க்காதீர்கள். நனைந்த விரிப்பை உடனுக்குடன் மாற்றி, காலையும் மாலையும் தொப்புளைப் பாருங்கள்.

6. மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம்

- தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சீழ், நாற்றம்
- நிற்காத ரத்தக் கசிவு
- ஓயாத அழுகை, பால் குடிக்காமை, எடை குறைதல்
- குடல் வெளியே தெரிதல்: சுத்தமான ஈரத் துணியால் மூடி உடனே கிளம்புங்கள்

தொப்புளில் மெத்தென்ற சிறு புடைப்பு மட்டும் இருந்தால் தடுப்பூசி போடும்போது காட்டலாம். பல குட்டிகளுக்கு 6 மாதத்துக்குள் அது மூடிக்கொள்ளும். அதுவே கெட்டியாகி, தொட்டால் வலித்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். பச்சைக் குட்டியின் உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் பரவிவிடும். சந்தேகம் வந்த அன்றே காட்டிவிடுங்கள்.