வலசைப் பறவைகளின் வரவு இடாப்பு

ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்குங் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் குளங்கள் பல வெடித்துக் கிடக்கும். தரவைகள் உப்புப் பூத்து வெளிறித் தோன்றும். கடனீரேரியின் நீர் வற்றிச் சேற்றுத் திடல்கள் வெளிப்படும். கமக்காரர் மாரிமழையை எதிர்நோக்கி வானத்தைப் பார்த்திருப்பர். இவ்வறண்ட காலத்தில் குளக்கரையிற் காண்பதற்கு யாதுளது என மாணாக்கர் வினாவுதல் இயல்பே. ஆண்டு முழுவதிலும் பறவைகளைக் காண்பதற்கும் குறிப்பெழுதிப் பழகுவதற்கும் இதனினுஞ் சிறந்த பருவம் பிறிதில்லை என்பதே எமது விடை.

வடபுலத்தில் பகற்பொழுது குறுகி, நிலமும் நீரும் உறையத் தொடங்குங்கால், ஆங்குள்ள பறவைகளுக்குப் புழுவும் பூச்சியும் கிடையாதொழிகின்றன. குளிருக்கு அஞ்சுவதினும் இரையின்மையே அவற்றைத் தெற்கு நோக்கிச் செலுத்துகின்றது. சைபீரியாவின் வடகோடியிலிருந்து இந்துமாக்கடல் வரை நீளும் மத்திய ஆசிய வான்வழியின் தென்முனையில் இலங்கை அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே தென்துருவக் கண்டம் வரையும் பெருநிலம் யாதுமில்லை. ஆதலின் எமது கரைகள் அப்பறவைகளுக்கு வழித்தங்கல் மாத்திரமல்ல, பயணத்தின் முடிவிடமுமாம்.

அவை வரும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நீர் வற்றிய சேற்றை நாடும் உள்ளான் இனங்கள் ஆவணியிலேயே வரத் தொடங்கும். அவற்றின் அலகுகளை ஒப்புநோக்குக. குறுகிய அலகுடையது மேற்சேற்றைக் கொத்தும். நீண்ட அலகுடைய கருவால் மூக்கன் ஆழத் துழாவும். ஒரே திடலிற் பல இனங்கள் ஒன்றன் இரையை மற்றொன்று பறியாது உண்ணுதல் இதனாலேயாம். வாடை மழை பெய்து குளங்கள் நிரம்பிய பின்னரே ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பெருந்தொகையாய் வந்து சேரும். மேலும், வளைந்த அலகுடைய உள்ளான் இனத்தில் முதிர்ந்த பறவைகள் முன்னே வர, அவ்வாண்டிற் பொரித்த இளம்பறவைகள் பெற்றோர் துணையின்றிப் பின்னே வருகின்றன. முன்னொருபோதுங் கண்டறியாத கரையை அவை தாமாகவே வந்தடைதல் பெரிதும் வியக்கற்பாலது.

இத்தகைய நோக்கு தமிழர்க்குப் புதிதன்று. சத்திமுற்றப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடுத்த பாட்டை மாணாக்கர் அறிவர். புலவரின் வறுமையை எண்ணி இரங்குவதோடு நாம் நின்றுவிடுகின்றோம். அவர் கண்டவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம். காலின் நிறம், அலகின் நிறமும் வடிவும், இணையாகச் செல்லும் இயல்பு, தென்முனைக் கடலாடி வடக்கே மீளும் திசை ஆகிய அனைத்தும் அப்பாட்டில் உள. பனங்கிழங்கைப் பிளந்தாற்போன்ற அலகு என அவர் கண்ட உவமை, பறவையை நின்று நோக்கியவர்க்கன்றித் தோன்றாது. ஆயினும் புலவர் நாளையும் பொழுதையும் குறித்திலர். அது பாட்டின் கடமையன்று. நாட்குறிப்பின் கடமை அதுவேயாகும்.

குறிப்பெழுதும் முறை எளிது. ஒரே கரைக்கு, ஒரே நேரத்தில், கிழமைக்கொருமுறை செல்லுதல் வேண்டும். காலை வெயில் முதுகில் விழுமாறு நிற்றல் நன்று. கொப்பியில் முதற்கண் திகதி, நேரம், இடம், காற்று, நீரின் அளவு ஆகியவற்றை எழுதுக. பின்னரே பறவையின் பெயரும் தொகையும் எழுதுக. பெருங்கூட்டமாயின் பத்தை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றது எனக் கண்டு, அவ்வளவையால் கூட்டம் முழுவதையும் அளந்து, 'அண்ணளவு' எனக் குறிக்க. கொக்கும் நீர்க்காகமும் ஆட்காட்டியும் நாடோறுங் காண்பனவே என்று விட்டுவிடலாகாது. ஒன்றையும் காணாத நாளில் 'ஒன்றுமில்லை' என எழுதுதலும் பதிவேயாகும். பிள்ளை வாராத நாளையும் இடாப்பிற் குறியாத ஆசிரியர் உளரோ?

ஈண்டு எமது தவறொன்றையுங் கூறுதல் தகும். ஒரு புரட்டாசிக் காலையில் மாணாக்கர் சிலரோடு கடனீரேரிக் கரையில் நின்றோம். தூரத்தே மேய்ந்த சிறு கூட்டத்தைக் கண்டு, 'சின்ன உள்ளான், அண்ணளவு நாற்பது' என எழுதுமாறு பணித்தோம். எல்லோரும் எழுதினர், ஒருவன் மாத்திரம் எழுதாது நின்றான். காரணம் வினாவியபோது, "சேர், சொண்டு கீழ்நோக்கி வளைஞ்சிருக்கு, பறக்கேக்கை வாலடி வெள்ளையாத் தெரிஞ்சது" என்றான். மீண்டுந் தொலைநோக்கியால் நோக்கினோம். அவன் கூறியதே உண்மை. அவை வளைந்த அலகுடைய உள்ளான்களே. நாம் எழுதுவித்ததை அழிக்கவேண்டாம் எனவும், ஒரு கோடிட்டு அருகே திருத்தத்தை எழுதுக எனவும் கூறினோம். ஆசிரியர் சொல்லினும் பறவையின் அலகே பெரிய சான்று என்பதை அம்மாணவன் எமக்குக் கற்பித்தான்.

ஆசிரியரும் மாணவரும் செய்யும் இச்சிறு பணியாற் பயனென்ன என ஐயுறுவோர் டென்மார்க் நாட்டு மோர்ட்டென்சன் என்பாரை எண்ணுக. பாடசாலை ஆசிரியராகிய அவர் 1899இல் மைனாக் குடும்பப் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டு விடுத்தார். பறவைகளின் வழியை வளையமிட்டு அறியும் முறை அவராலேயே ஒழுங்குபெற்றது. ஆசிய நாடுகளில் 1987 தொடக்கம் ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் நீர்ப்பறவைகள் கணக்கெடுக்கப்பட்டு வருகின்றன. அதிற் கரையோரம் நின்று எண்ணுவோரிற் பலர் ஊதியம் பெறாத ஆர்வலரே. எமது அயலில் 1938இற் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஓர் ஈரநிலத்தின் மதிப்பை நிறுவுதற்கு ஆங்கு வாழும் பறவைகளின் கணக்குப் பெரிதும் வேண்டப்படுகின்றது.

கணக்கில்லாத குளத்தின் கதி யாது? நாமறிந்த சிறு குளமொன்றின் ஒரு மூலை ஆண்டுதோறுங் கல்லும் குப்பையுங் கொட்டப்பட்டுத் தூர்ந்தது. ஊரார் சிலர் தடுக்க முயன்றபோது, "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்கப்பட்டது. "முன்னர் நிறையக் குருவிகள் வரும்" என்றனர் முதியோர். எக்குருவி, எத்தனை, எவ்வாண்டு என்ற வினாக்களுக்கு விடை கூற ஒருவராலும் இயலவில்லை. மூலை மேடாயிற்று. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் எமது கரைகள் பலவற்றை அணுகுதலே அரிதாயிற்று. அவ்வாண்டுகளின் ஏடுகளை இனி எவராலும் நிரப்ப முடியாது. இனி வரும் ஏடுகளேனும் வெறுமையாய் விடப்படாதிருத்தல் எமது கையில் உள்ளது.

ஆதலின் மாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே: இப்புரட்டாசியில் உங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு குளத்தையோ தரவையையோ தெரிந்துகொண்டு, ஓராண்டு அதனை விடாது காண்பீர்களாக. பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இளமையிற் கண்ட பறவைகளைப் பற்றிய கடிதமோ நாட்குறிப்போ நிழற்படமோ உங்கள் பெட்டியில் இருப்பின், ஆண்டும் இடமுங் குறித்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புக. நிச்சயமாய் அறிந்ததை மாத்திரம் எழுதுக. ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதுக. விழா மலர்கள் கல்லூரியின் வரலாற்றைக் காப்பதுபோல, ஒரு மாணவனின் கொப்பி ஒரு குளத்தின் வரலாற்றைக் காத்தல் கூடும்.