நீச்சல் வீரர் நல்லாசிரியரான வரலாறு

கற்றல் வேறு, கற்பித்தல் வேறு. தாம் கற்றதைப் பிறர் உள்ளத்திற் பதியவைக்க இயலாத அறிஞர் பலர் உளர். விளையாட்டுத்துறைக்கும் இஃது ஒக்கும். விரைந்து நீந்தி வெற்றி பெற்றோர் யாவரும் நல்ல பயிற்றுநராவதில்லை. இரண்டிலும் சிறந்து விளங்கியவருள் ஒருவர் அந்தோனி நெஸ்ரி. அவர் வரலாறு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்படுவதாகும்.

நெஸ்ரி 1967 ஆம் ஆண்டிலே திரினிடாட் தீவிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள சுரிநாம் நாட்டை அடைந்து, அங்கே வளர்ந்தார். அந்நாளில் 50 மீற்றர் நீளமான நீச்சற்குளம் அந்நாடு முழுவதிலும் ஒன்றே இருந்தது. 1984 இல், பதினாறு வயதில், லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலிற் பங்குபற்றி, இருபத்தோராம் இடத்தையே பெற்றார். அது கொண்டு அவர் தளர்ந்திலர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்து, கிரெக் துரோய் என்னும் பயிற்றுநர் அவரை நெறிப்படுத்தினார்.

வண்ணத்துப்பூச்சி நீச்சலாவது, இரு கைகளையும் ஒருங்கே நீருக்கு மேலாக முன்வீசி, இரு கால்களையும் ஒருங்கே உதைத்து நீந்துவது. கைவீச்சு முடியுமிடமும் சுவரும் பொருந்துமாறு கணித்து நீந்துதல் இதன் நுட்பங்களுள் ஒன்று. 1988 செப்ரெம்பர் 21 ஆம் நாள் சியோல் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் இந்நுட்பமே வெற்றியை நிருணயித்தது. அமெரிக்க வீரர் மற் பியொண்டி முன்னணியில் நின்றார். சுவரை அண்மியபோது அவருக்கு ஒரு முழு வீச்சுக்குப் போதாத தொலைவே எஞ்சியது. அவர் மீண்டும் கைவீசாது, நீட்டிய கையுடன் நீரில் வழுக்கிச் சென்றார். நெஸ்ரியோ வீசிய கையாலேயே சுவரைத் தொட்டார். நெஸ்ரிக்கு 53.00 செக்கன், பியொண்டிக்கு 53.01 செக்கன்.

மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 100 மீற்றரை 53 செக்கனிற் கடப்பவர் செக்கனுக்கு ஏறத்தாழ 1.89 மீற்றர் செல்கிறார். எனவே, செக்கனின் நூறிலொரு கூற்றில் அவர் கடக்கும் தூரம் இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஒரு விரலகலமே வெற்றியையும் தோல்வியையும் பிரித்தது!

சுரிநாம் நாட்டுக்குக் கிடைத்த முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அதுவே. நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதலாவது கறுப்பின ஆடவரும் நெஸ்ரியே. கறுப்பினத்தவர்க்கு நீச்சல் இயலாது என்று பலர் பேசிவந்த பொய்யுரை அன்று நீரிலே கரைந்தது. 1991 இல் உலகப் போட்டியில் தங்கமும், 1992 இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார்.

நிற்க, அவரது பிற்கால வாழ்வே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1998 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில், தம்மைப் பயிற்றிய துரோயின் கீழ் துணைப் பயிற்றுநராக அமர்ந்தார். ஒலிம்பிக்கில் முதலிடம் பெற்ற ஒருவர் இருபது ஆண்டு இரண்டாமிடத்தில் நின்று தொழில் பயிலுதல் எளிதன்று. 2018 இலேயே ஆடவர் அணியின் தலைமை அவரை அடைந்தது. 2021 இல் மகளிர் அணியின் தலைமையும் சேர்ந்தது.

தாம் குறுந்தூர வீரராயினும், மாணவரைத் தம் அச்சில் வார்க்க அவர் முனைந்திலர். அவரிடம் பயின்ற பொபி ஃபின்க் 1500 மீற்றர் நீச்சல் வீரர். 2021 இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் ஃபின்க் இறுதி 50 மீற்றரிலே பிறரை முந்தித் தங்கம் வென்றார். 2024 இல் பாரிஸ் நகரில் 14 நிமிடம் 30.67 செக்கனில் உலக சாதனையும் நிலைநாட்டினார். அவ்வொலிம்பிக்கில் அமெரிக்க ஆடவர் நீச்சலணிக்குத் தலைமைப் பயிற்றுநராக நின்றவர் நெஸ்ரியே; ஒரு காலத்தில் அந்நாட்டு வீரரை விரலகலத்தால் வென்றவர் அவர்.

சுவரைத் தொடும்வரை கைவீச்சைத் தளரவிடாமை மாணவர்க்கு உரிய பாடம். தாம் பெற்ற வெற்றியின் பெருமையை ஒருபுறம் வைத்து, பிறர் வெற்றிக்காகப் பொறுமையோடு உழைத்தல் ஆசிரியர்க்கு உரிய பாடம். முன்னையது 53 செக்கனில் முடிந்தது. பின்னையதற்கு இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.