குடலுக்குள் ஒரு காவற்பரண்

சென்ற கோடை விடுமுறையில் கம்பத்தை அடுத்த எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். மூன்று மாதக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அக்காள் கேட்டாள்: "ஏன் தம்பி, ரெண்டு தடவை ரோட்டா சொட்டு மருந்து குடுத்தும் பிள்ளைக்கு வயித்தோட்டம் வந்திருச்சே! மூணாவது தடவை எதுக்குப் போகணும்?" விலங்கியல் பயிலும் எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

மலையடிவாரத் தோட்டங்களில் இரவில் காட்டுப்பன்றி இறங்குவதை நம் பள்ளத்தாக்கினர் அறிவர். ஊரிலிருந்து ஆள் திரட்டி வருவதற்குள் வெள்ளாமை பாழாகிவிடும். ஆகவே ஒருவர் தோட்டத்திலேயே பரண் கட்டித் தங்குகிறார். பன்றியைக் கண்டதும் தாமும் விரட்டுவார். குரல் கொடுத்து மற்றவரையும் அழைப்பார். நம் குடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

ஒரு கிருமி முதன்முறை குடலைத் தாக்கும்போது, அதனை அடையாளம் காணும் 'டி' வெள்ளணுக்கள் நிணநீர்க் கணுக்களில் பெருகிக் களத்திற்கு வந்து சேரச் சில நாட்களாகின்றன. நோய் தணிந்தபின் அவற்றுள் பெரும்பாலானவை மடிகின்றன. எஞ்சியவற்றுள் சில இரத்தத்தில் உலவுகின்றன. வேறு சில குடற்சுவரிலேயே குடியமர்ந்து விடுகின்றன. இவையே திசுவில் தங்கும் நினைவணுக்கள். இவற்றின் மேலுள்ள சிடி 69 என்னும் புரதம் வெளியேறும் வழியை அடைக்கிறது. சிடி 103 என்னும் புரதம் குடலின் மேலடுக்கு அணுக்களைப் பற்றிக்கொள்ளத் துணைபுரிகிறது. அதே கிருமி மீண்டும் வந்தால், இவை சில மணி நேரத்திலேயே பாதிக்கப்பட்ட அணுக்களை அழித்து, இண்டர்பெரான் என்னும் பொருளைச் சுரந்து அபாயக்குரல் எழுப்புகின்றன. குடலில் சுரக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளும் இவற்றுக்குத் துணை நிற்கிறது.

இவை உண்மையில் இடம் பெயராதவையா? கணையத்தோடு சிறுகுடலின் ஒரு பகுதியையும் மாற்றிப் பொருத்திய நோயாளிகளை நார்வே ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். ஓராண்டு கழிந்தும் அக்குடற்பகுதியில் கொடையாளியின் வெள்ளணுக்களே பெருமளவில் இருந்தன என்று 2019இல் அறிவித்தனர்.

இனி, அக்காளின் வினாவுக்கு வருவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 452 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே கண்காணித்தனர். 373 குழந்தைகள் மூன்றாண்டுகள் முழுமையும் ஆய்வில் நீடித்தனர். 2011இல் வெளியான முடிவு இது: பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாதத்திற்குள்ளேயே ரோட்டா வைரஸ் தொற்றியது, பலரை மீண்டும் தொற்றியது. ஆயினும் ஒவ்வொரு தொற்றுக்குப் பின்னும் கடும் நோய்க்கு எதிரான காப்பு உயர்ந்தது. மூன்று தொற்றுகளுக்குப் பின் அது 79 விழுக்காட்டை எட்டியது. முழுக்காப்பு அப்போதும் கிட்டவில்லை.

சொட்டு மருந்து என்பது வலுவிழந்த வைரஸைக் கொண்டு குடலுக்குத் தரும் ஒத்திகை. ஓர் ஒத்திகை போதாது. எனவேதான் 6, 10, 14ஆவது வாரங்களில் மூன்று முறை தருகின்றனர். தமிழ்நாட்டில் 2017 முதல் இது வழங்கப்படுகிறது. வயிற்றோட்டத்திற்கு வேறு கிருமிகளும் காரணமாகலாம். அவற்றை இம்மருந்து தடுக்காது. ஆகவே கைகழுவுதலும், காய்ச்சி ஆறிய நீரும், உப்பு சர்க்கரைக் கரைசலும் என்றும் தேவை.

இவற்றைக் கேட்ட அக்காள், "அப்போ, காவலுக்கு இன்னும் ஆள் வேணும்ங்கிற!" என்றாள். அடுத்த தடுப்பூசி நாளன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் புறப்பட்டாள். நான் எழுதிய தேர்வுகளுள் இதுவே எனக்கு நிறைவளித்தது.