பழைய ஆசிலோஸ்கோப் மீண்டும் ஓடுமா?

கேள்வி: கல்லூரி ஏலத்தில் பழைய ஆசிலோஸ்கோப் வாங்கினேன். பல வருடம் ஓடாதது. சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போகிறது. சரிசெய்யலாமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: தாராளமாக. தானேயில் 1962-இல் தொடங்கிய ஆப்லாப் போன்ற நிறுவனங்களின் அந்தக் காலக் கருவிகளில் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ஆனால் பெரிய ஃபியூஸ் போட்டு மட்டும் பார்த்துவிடாதீர்கள். டிரான்ஸ்பார்மர் கருகினால் மாற்று கிடைப்பது அரிது.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டயோடுகள் ஷார்ட்டா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். என் பெரிய சந்தேகம் ஃபில்டர் கெபாசிட்டர்கள் மேல்தான். கரிசல் காட்டு வெக்கையில் உள்ளே இருக்கும் திரவம் வறண்டுபோகும். சும்மா கிடந்தால் அலுமினியத் தகட்டின் ஆக்சைடு படலமும் மெலிந்து மின்சாரம் கசியும். அதே மைக்ரோஃபேரட், குறையாத வோல்ட், 105 டிகிரி ரகமாகப் பார்த்து மாற்றுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

பிறகு 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் கொடுத்து ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

படக்குழாய்ப் பக்கம் 2000 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் தயவுசெய்து மூடியைத் திறக்காதீர்கள்.